ஒன்று முதல் ஐந்து வரை

கலாட்ஸ் நகர டிராம் பணிமனை.
நவம்பர், ஷிஃப்ட் மாறும் நேரம்.
பதினெட்டுக் கேள்விகள், நூற்றிருபது தாள்கள்.
பேனாக்களையும் எண்ணித்தான் கொடுத்தேன்;
கப்பல்தளத்தில் முப்பது திரும்பி வரவில்லை.

கேள்விகள் ஆங்கிலத்தில் பிறந்தவை.
ருமேனிய மொழிக்கு நான் கொண்டுவந்தேன்,
மூலத்தைப் பார்க்காமல் இன்னொருத்தி
மறுபடி ஆங்கிலமாக்கினாள்.
"வேலை வீட்டுக்குள் வருகிறது" என்று அனுப்பியது
"வீட்டு வேலை வந்துவிட்டது" என்று திரும்பியது.
அந்த ஒரு வரியோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினோம்.
அந்த மூன்று வாரமும்
என் வீட்டில் பாத்திரம் கழுவியது யாரென்று
எந்தக் கேள்வியிலும் இல்லை.

டிக்கெட் பரிசோதகர் ஸெனோவியா
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே புள்ளி வைத்தாள்.
அப்படி வைக்கக் கூடாது என்றேன்.
"மாமியார் படுத்தே கிடக்கிற நாள் நான்கு.
எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டுகிற நாள் மூன்று.
இன்றைக்கு இன்னும் போன் பண்ணவில்லை."
கணினிக்கு அரை தெரியாது.
நான்கு என்று பதிந்தேன்.

ஓட்டுநர் விர்ஜில் மொரோஷானு
ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார்.
வேலையால் குடும்பத்தோடு சாப்பிட முடிவதில்லை: ஒன்று.
களைத்து வந்து பேச மனம் இருப்பதில்லை: ஒன்று.
பிள்ளையின் பள்ளிக்குப் போக நேரமில்லை: ஒன்று.
பதினெட்டும் ஒன்று.
என் அளவுகோலின்படி
இந்த ஊரிலேயே முரண்பாடு இல்லாத மனிதர்.

"வாசித்துத்தான் போட்டீர்களா?"
"வாசித்தேன். இரண்டு வருஷம் முன்னால்
வந்திருக்க வேண்டும் நீங்கள்.
அப்போது ஐந்து போதாது."
தொப்பியைக் கழற்றினார், உள்ளே எதையோ பார்த்தார்,
திரும்பப் போட்டுக்கொண்டார்.
"நாய் கணக்கில் வருமா?"

'குடும்பம்' என்பதற்கு நாங்கள் எழுதிய விளக்கம்
நான்கு வரி. நாலிலும் நாய் இல்லை.

கதவு வரை போனவர் நின்றார்.
பென்சில் இருக்கிறதா என்றார்.
சனிக்கிழமை மகன் வருகிறானாம்,
அன்றைக்குக் காலை ஷிஃப்ட் போட்டிருக்கிறார்களாம்,
ஏழாம் கேள்வியை மட்டும்
அழித்து எழுத வேண்டியிருக்குமாம்.
என்னிடம் பேனாக்கள்தான் இருந்தன.

இரவு கணக்கு ஓடியது.
நம்பகத்தன்மை: புள்ளிக்குப் பின் எண்பத்தாறு. நல்ல எண்.
எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போட்ட தாளை
நீக்கலாம் என்கிறது விதி.
நீக்கவில்லை.
சராசரியைக் கொஞ்சம் கீழே இழுத்தபடி
எண்பத்தேழாம் வரிசையில் இருக்கிறார்,
நாய் இல்லாமல்.