கழித்தல் கணக்கு

மழைக்கு இன்னும் மூன்று வாரம்.
லுசாகாவில், கன்யாமாப் பக்கம்,
எங்கே தோண்டினாலும் இடுப்பளவில் பாறை.
சுண்ணாம்புப் பாறை, வெடிப்பு விட்டது.
கீழே போக முடியாத குழி மேலே எழும்பி
நான்கு படி ஏறித்தான் கழிப்பிடம்.
உள்ளே விடுவது அந்த வெடிப்பில்தான் இறங்கும்,
கிணற்றில் இறைப்பது அதிலிருந்துதான் ஊறும்.
இரண்டுக்கும் நடுவே பதினான்கு எட்டு.
நடந்து பார்த்தவள் சொல்கிறேன்.

பீப்பாய்க்கு ஒரு கோடு. அதுதான் என் வேலை.
போன மழையில், காலராக் கூடாரத்தில்,
கோப்பைக்கு ஒரு கோடு போட்டேன்,
உப்பும் சர்க்கரையும் கரைத்த கோப்பைக்கு.
என் தங்கை முடேம்வா ஒன்பதோடு நின்றுவிட்டாள்.
கைப்பழக்கம் மட்டும் போகவில்லை.

நலிஷெபோவுக்கு எட்டு அறை,
முப்பத்தொரு வாடகைக்காரர்,
ஒரே கதவு, அதுவும் தகரம்.
குழி விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்துவிட்டது.
"பன்னிரண்டு பீப்பாய் போதும்."
"பாதிதான் போகும்," என்றான் மைன்ஸா.
"பாதிக்குத்தான் பணம்."

மைன்ஸா என்றால் டோங்கா மொழியில் மழைக்காலம்.
அந்தப் பெயரை வைத்துக்கொண்டு
மழைக்கு முன்னால் ஓடுகிறான்.

நடு இரவு தாண்டித் தொடங்குவோம்.
பகலில் வணக்கம் சொல்கிறவர்கள்
இரவில் எங்களைத் தெரிந்ததாகக் காட்டுவதில்லை.
ஒவ்வொன்றாய் ஜன்னல் சாத்தும் ஓசை.
பிறகு நீண்ட கழி, நுனியில் கொக்கி.
முதலில் மீன்பிடிப்பு:
கிழிந்த துணி, பீர் அட்டைப்பெட்டி, சோளச் சக்கை,
ஒரு சவுரி, ஒற்றைக் காலுறை,
எப்படி விழுந்ததென்று யாரும் சொல்லாத ஒரு சாவிக்கொத்து.
குப்பைக்கு வண்டி வராத தெருவில்
குழிதான் எல்லாவற்றுக்கும் வாய்.

பன்னிரண்டாம் கோடு போட்டேன்.
கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் பை
மேலே வந்து, நழுவி, உள்ளே போனது.
டார்ச் வெளிச்சத்தில் ஒரு கணம் சிவப்பு அட்டை.
நலிஷெபோ மூக்கிலிருந்து துணியை எடுத்தாள்.
"என் வாடகை நோட்டு!"
மார்ச்சிலிருந்து காணாத நோட்டு.
எட்டு ஜன்னலும் மூச்சை அடக்கின.
"அடிவரைக்கும் போ. பணம் நான் தருகிறேன்."

பதின்மூன்று. பதினாறு.
நகராட்சி வரைபடத்தில் சாக்கடைக்கு நீலக் கோடு,
ரயில் பாதை வந்ததும் நின்றுவிடும்.
இப்பால் வெறும் மஞ்சள்.
நகரம் கூட்டல் மட்டும் படித்திருக்கிறது,
அறையோடு அறை, ஆளோடு ஆள்.
கழித்தலை எங்களிடம் விட்டது,
அதையும் இருட்டில் செய்யச் சொல்லி.
பத்தொன்பது. மைன்ஸா தோள் மாற்றிக்கொண்டான்.

இருபத்து மூன்றில் வந்தது.
இரண்டு விரலால் பிரித்தாள்.
மை முழுக்கக் கரைந்திருந்தது,
மார்ச் மட்டும் ஓர் ஊதாக் கறை.
யாருக்கு எவ்வளவு பாக்கி,
இனி குழிக்கே வெளிச்சம்.
ஏதோ ஓர் அறையில் புறப்பட்ட சிரிப்பு
இருமலாகி ஒளிந்துகொண்டது.
இருபத்து நான்காம் பீப்பாய்க்கும் காசு கொடுத்தாள்,
எண்ணாமல்.

விடியுமுன் உலர்த்தும் படுகையில் கொட்டினோம்.
அங்கே யாரும் நடாத தக்காளி
ஊரே தின்று ஊரே விதைத்த தக்காளி
கொத்துக் கொத்தாய்ச் சிவந்திருந்தது.
மைன்ஸா ஒன்றைப் பறித்து என்னிடம் நீட்டினான்.
"முதலில் நீ," என்றேன்.
வண்டித் தட்டில் வைத்தான். வழியெல்லாம் உருண்டது.

ரசீது கொடுக்க மதியம் போனேன்.
தகரக் கதவுக்கு முன் வரிசை.
உள்ளேயிருந்து ஒரு பையன் கத்தினான்:
"கல் போட்டேன், சத்தம் வர நேரமாகுது!"
அதைக் கேட்கவே இரண்டு பேர் படி ஏறினார்கள்.
நலிஷெபோ திட்டிக்கொண்டே
புது நோட்டு ஒன்றில் பெயர்கள் எழுதிக்கொண்டிருந்தாள்.
கிணற்றடியில் யாரோ வாளியை இறக்கினார்கள்.

நான் இன்னொரு முறை நடந்து பார்த்தேன்.
பதினான்குதான்.