சார்சி, இரண்டு கிளாஸ்

லெபு பந்தாயில் வக்கீல் ஆபீஸ்.
ஏழு இடத்தில் கையெழுத்து, மூன்று இடத்தில் சுருக்கொப்பம்.
ஆயர் ஈத்தாம் வீடு
பதினொன்றே காலுக்கு வேறு யாருடையதோ ஆனது.

வெளியே அஞ்சடியில்கூட
வெயில் வந்து உட்கார்ந்திருந்தது.
“குடிக்க ஏதாவது?” என்றான் லோகேந்திரன்.
வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
தாகம் முந்திக்கொண்டது.

சூன் ஹுவாட் கடை. மார்பிள் மேசை.
பெரிய பாட்டிலில் சார்சி,
ஐஸ் போட்ட இரண்டு கிளாஸ்.
சட்டென்று நான்கு டிஷ்யூவை உருவிக்
கையில் வைத்துக்கொண்டேன்.
பதினான்கு வருடப் பழக்கம்.

அவன் ஊற்றி நீங்கள் பார்த்ததில்லை.
யாரோ துரத்துகிற மாதிரி
பாட்டிலை அப்படியே கவிழ்ப்பான்.
முக்கால் கிளாஸ் நுரை, கால் கிளாஸ் பானம்,
மிச்சம் மேசை விரிப்புக்கு.
கல்யாண மண்டபத்தில்
என் அரக்குப் பட்டின் மடியில் ஆரஞ்சு வழிந்தபோது
முந்நூறு பேர் கை தட்டினார்கள்.
அந்தக் கறையைப்
பட்டர்வொர்த் டோபிக்காரரால்கூட எடுக்க முடியவில்லை.

அடங்கட்டும், பொறு என்பேன்.
பொறுக்காமல் குனிந்து உறிஞ்சிவிட்டு
மீசையில் வெள்ளையோடு என்னைப் பார்ப்பான்.
சிரித்த வருடங்கள் இருந்தன.
சிரிக்காமல் துடைத்த வருடங்களும்.

இன்று
ஐஸ் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டுச்
சுழற்றிச் சாக்கடையில் கொட்டினான்.
கட்டிகளின் கூர்மை போனது.
கிளாஸைச் சாய்த்தான்.
பாட்டில் வாய் விளிம்பைத் தொட்டும் தொடாமலும்,
கண்ணாடிச் சுவரோரம்
கறுப்பாய் ஒரு கோடு இறங்கியது,
சத்தமே இல்லாமல்.
பாதியில் நிறுத்திக் காத்திருந்தான்.
லோகேந்திரன்,
காத்திருந்தான்.
பிறகு மெல்ல நிமிர்த்தி, மீதியை.
விளிம்புக்குக் கீழே
ஒரு விரற்கடை நுரை. அவ்வளவுதான்.

டிஷ்யூ என் உள்ளங்கையில்
வேலையில்லாமல் ஈரமானது.

யாரிடம் கற்றாய் என்று கேட்கவில்லை.
எந்த மேசையில், யாருக்கு எதிரே,
எத்தனை முறை வழியவிட்டு,
எத்தனை முறை மன்னிப்புக் கேட்டு.
இரண்டு வருடத்தில் ஒரு கை இவ்வளவு மாறுமா?
இல்லை,
எனக்கு ஊற்றும்போது மட்டும்தான்
அவ்வளவு அவசரமா?

“குடி. சில்லென்று இருக்கும்போதே.”

அரைவேக்காட்டு முட்டைக்கு வைத்த உப்புக் குப்பி
மேசை மூலையில் நின்றது.
காய்ச்சல் வந்தால்
சார்சியில் உப்புப் போட்டுக் குடிக்கிற ஊர் இது.
எனக்குக் காய்ச்சல் இல்லை.
அவனுக்கும் இருக்காது.
ஒரு சிட்டிகை எடுத்து
அவன் கிளாஸில் போட்டேன்.

புஸ்ஸென்று எழுந்தது.
விளிம்பைத் தாண்டி, மார்பிளில் இறங்கி,
பத்திரத்தின் நகல் இருந்த உறையை நோக்கி ஓடியது.
பதறிப்போய்
குனிந்து உதட்டை வைத்தான்.

டிஷ்யூவை நீட்டினேன்.
நான்கையும்.

துடைத்தான்.
துடைத்த பிறகும் மீசையில்
கொஞ்சம் வெள்ளை இருந்தது.