இரண்டு பெயர்களுக்கு நடுவே

வீடு இதுவரை எத்தனை மைல் ஓடியிருக்கிறது
என்று கேட்கிற வேலை எனக்கு.
ஐடஹோவில் ஒரு சின்ன ஊர்.
மாட்டுத்தீவனக் கடைக்கும் பல் டாக்டருக்கும் இடையில்
வாகனப் பதிவு அலுவலகம், நான்காம் ஜன்னல்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பதினோரு வருடம்.

ஆர்வில் ட்வைட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்,
தேவாலயத்துக்குள் நுழைகிறவர் போல.
ஓரிகனிலிருந்து மோட்டார்ஹோம். முப்பத்தோரு அடி.
கட்டில், அடுப்பு, நிற்க மட்டும் இடமுள்ள குளியலறை,
அறுபத்தெட்டாயிரம் மைல்.

"அங்கே விற்பனை வரி கிடையாது,
ஒரு காசு கட்டாமல் வாங்கினோம்" என்றார் பெருமையாக.
எதிரில் இருப்பது யார் என்று உறைத்ததும்
குரல் இறங்கியது.
பயப்பட வேண்டாம் என்றேன்.
வாங்கி அங்கேயே வெகுநாள் ஓட்டியிருந்தால்
இங்கே அந்த வரி தொடாது.
எல்லாம் தேதிக் கணக்கு:
வாங்கிய தேதி,
நீங்கள் இந்த மாநிலத்தவர் ஆன தேதி.

முதலாவதற்கு ரசீது வைத்திருந்தார்.
இரண்டாவதைக் கேட்டபோது
வாகன நிறுத்தத்தைத் திரும்பிப் பார்த்தார்.

உரிமைப் பத்திரத்தைப் புரட்டினேன்.
பெயர் இரண்டு இருந்தால்
நடுவில் இருக்கும் சொல்லைத்தான் முதலில் பார்ப்பேன்.
'அல்லது' என்றால் ஒரு கையெழுத்து போதும்.
இவர்கள் 'உம்' போட்டிருந்தார்கள்.
ஆர்வில் ட்வைட்டும் லெனோர் ட்வைட்டும்.
விற்ற கடையில் கேட்டிருப்பார்கள், எப்படிப் போடட்டும் என்று.
இதென்ன கேள்வி என்று
இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள்.

"வண்டியில்தான் இருக்கிறாள்.
இறங்க மாட்டேன் என்கிறாள்."

எண்ணைச் சரிபார்க்க எப்படியும் நான் போக வேண்டும்.
டார்ச், அட்டை, பேனா.
ஓட்டுநர் இருக்கைப் பக்கம் தகட்டில் பதினேழு எழுத்து,
ஒவ்வொன்றாகப் படித்துக் கோடு போட்டேன்.
உள்ளே லெனோர் பீட்ரூட் சீவிக்கொண்டிருந்தார்
மணிக்கட்டு வரை சிவந்து.

"மகன் வீட்டுக் கொட்டகையை ஒட்டி நிறுத்தியிருக்கிறோம்.
இவருக்கு ஏப்ரல் ஒன்பதோடு ஊர் மாறிவிட்டது.
நான் இன்னும் வந்து சேரவில்லை.
வழியில் இருக்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்."

அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

குடிவந்தவர்களுக்குக் கெடு உண்டு என்றேன்,
தாண்டினால் அபராதம்.
எவ்வளவு என்றார்.
சொன்னேன்.
"வாங்கும்போது மிச்சம் பிடித்தது அதைவிட அதிகம்"
என்று அடுத்த கிழங்கை எடுத்தார்.

ஜன்னலுக்குத் திரும்பி வந்து
பெயர் மாற்றக் கட்டணம், பதிவுக் கட்டணம்,
வண்டி விலையைப் பார்த்துப் போடும் ஒட்டுவில்லைக் கட்டணம்
எல்லாவற்றையும் கூட்டிச் சீட்டில் எழுதித் தந்தேன்.
ஆர்வில் காசோலைப் புத்தகத்தை விரித்தார், மூடினார்.
தற்காலிக அனுமதி மட்டும் வாங்கினார்.
முப்பது நாள்.
மீதிச் சில்லறையை எண்ணவில்லை.

மரம் அச்சிட்ட ஓரிகன் தகடு
பின்னால் அப்படியே இருந்தது, நான்கு திருகாணியோடு.

பிறகு வண்டியைப் பின்னுக்கு எடுக்க வேண்டியிருந்தது.
ஒரு பக்கம் விளக்குக்கம்பம், மறுபக்கம் பல் டாக்டரின் புதுக் கார்.
கண்ணாடியில் தெரியாது அவ்வளவு நீளம்.
ஆர்வில் ஒரு முறை முயன்றார். நிறுத்தினார்.
ஹாரன் அடிக்கவில்லை, கூப்பிடவில்லை.
இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கக் கதவு திறந்தது.
லெனோர் படியில் ஒரு காலும்
தாரில் ஒரு காலுமாகக் கொஞ்சம் நின்றார்.
அப்புறம் வண்டிக்குப் பின்னால் போய்
இரண்டு சிவந்த கையையும் தூக்கி,
வா,
வா,
இன்னும் வா,
போதும் நிறுத்து.

சுவரில் நாட்காட்டி. மே இரண்டு.
பேனா கையில்தான் இருந்தது.

அடுத்த டோக்கனை அழைத்தேன்.