பனி பட்டால் இனிக்கும்

"என்ன கீரை இது?" என்றாள் செய்யதலி பாத்திமா,
அடுத்த மாடிக் கைப்பிடிச் சுவரில் எக்கி.
கேல், என்றேன்.
"கேட்டுட்டேம்லா, சொல்லு."

பெயரே இந்தப் பாடு.
மிச்சத்தை எங்கே விளக்க?
நாற்பது விதை, நூற்றிருபது ரூபாய்.
பொட்டலத்தின் முதுகில் பொடி எழுத்தில் ஒரு வரி:
பனி பட்டால் இலை இனிக்கும்.

பேட்டையில் பனிக்கு என்ன குறைச்சல்,
மார்கழியில் தலைக்குத் துண்டு கட்டி
சைக்கிள் சீட்டைத் துடைத்துவிட்டு ஏறுகிறார் பால்காரர்.
அந்தப் பனி இல்லையாம்.
மண்ணைக் கல்லாக்குகிற பனி,
வாளித் தண்ணீருக்குக் கண்ணாடி மூடி போடுகிற பனி.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
இரண்டு குளிரையும் சமாளிக்கிறோம்.
ஊரைச் சுற்றிப் பனை உண்டு.
அந்தப் பனி கிடையாது.

புரட்டாசி கடைசியில் போட்டேன்.
ஏழு முளைத்தது. ஐப்பசி மழை இரண்டைச் சாய்த்தது.
பிறகு புழு.
இலையின் பச்சையிலேயே, இலை நரம்பு போலவே படுத்திருக்கும்.
ராத்திரி செல்போன் வெளிச்சத்தில்
எது நரம்பு எது புழு என்று
விரலால்தான் தெரிந்துகொண்டேன்.
பக்கத்துத் தொட்டியில் கடுகு
கேட்காமலே கீரையாக நின்றது.

முதல் பறிப்பு பத்து இலை.
பூண்டு தட்டி, தேங்காய் தூவித் துவட்டினேன்.
சட்டி நிறைய இருந்தது கைப்பிடியாகச் சுருங்கி
கசந்தது.
வீட்டுக்காரர் பூலுடையார் ஒன்றும் சொல்லாமல் தின்றார்.
கை கழுவிவிட்டுக் கேட்டார்:
"பனிதானே வேணும் அதுக்கு?"

அவருக்கு ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை.
மறுநாள் விடியக்காலம் அஞ்சு மணிக்குச்
சாக்கில் சுற்றி, உமி ஒட்டி, மாடிப்படியெல்லாம் சொட்டச் சொட்ட
திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தது குளிர்காலம்.
ஆறே காலுக்கு உருகிப் போனது.
பத்து நாள் வந்தது, பத்து நாளும் போனது.

பதினோராம் நாள் கொண்டுவந்த துண்டில்
அச்சு முக்கியெடுக்கிற தொட்டியின் உப்புத்தண்ணீர்.
தெரியாமல் வேரடியில் வைத்துவிட்டார்.
சாயங்காலத்துக்குள் இலை ஓரமெல்லாம்
இஸ்திரி பட்ட துணி மாதிரி.
நம்மால் கொடுக்க முடிந்த ஒரே பனி,
அதிலும் ஒன்று செத்தது.

"இனிச்சுதா?" என்றாள் பாத்திமா.
ஒரு கட்டு கொடுத்தேன், அவளே பார்க்கட்டும் என்று.
எலும்புக் குழம்பில் போட்டாளாம்.
"குழம்பு நல்லாருந்துச்சு" என்றாள்.
கீரையைப் பற்றிப் பேச்சில்லை.

மூன்று செடி சமையலுக்குப் போய் மிஞ்சியது ஒன்று.
அடியிலை கிள்ளக் கிள்ள
வெறும் தண்டாக மேலே போனது.
மாசியில் என் முழங்கால். பங்குனியில் இடுப்பு.
தண்டெல்லாம் கிள்ளிய தழும்பு, உச்சியில் மட்டும் கொத்து இலை.
எதிர்வீட்டுப் பையன் பார்த்துவிட்டு,
"அத்தே, தொட்டியில பனைமரமா?"

பூக்கும், விதை எடுக்கலாம் என்றிருந்தேன்.
பூக்காதாம். பாளையங்கோட்டை விதைக்கடையில் சொன்னார்கள்,
ஒரு குளிர்காலம் கடந்தால்தான்
தனக்கு வயசாயிற்று என்று அதற்குத் தெரியுமாம்.
தெரியாமல் நிற்கிறது. பச்சையாக.

இன்றைக்குச் சித்திரை பதினேழு, நூற்றிநாலு டிகிரி.
ஊரெல்லாம் சர்பத்துக்கும் மீனுக்கும் ஐஸ் ஐஸ் என்று அலைகிறது,
அவருக்கு இரண்டு ஷிப்ட்.
காலையில் வந்து உட்காராமல் மாடிக்குப் போய்
அந்தத் தண்டைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.
எட்டு மணி நேரம் ஐஸ் பிடித்த கை,
இன்னும் சில்லென்றுதான் இருக்கும்.

"அது பூத்தா பூக்கட்டும்" என்றேன்,
கொண்டையைத் தூக்கிப் பிடித்து, வேர்த்த பிடரியைக் காட்டி.
"முதல்ல இங்க வைங்க."