ஐஸ் கம்பெனிப் பேரேடு

மண்டபத்தில் பனி விழாது.
எங்கள் பனியை நாங்களே செய்கிறோம்:
உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள்
நல்லதண்ணீர் டின்களை இறக்கி,
ஒரு பகலும் ஒரு ராத்திரியும்
அமோனியா இரைச்சலில்.

தேதி, படகு, பாளம், பாக்கி.
முதலாளி கேட்பது இந்த நாலு பத்திதான்.
ஐந்தாவதாய்க் 'குறிப்பு' என்று ஒன்று
அச்சடித்தவன் போட்டது.
காலியாகக் கிடந்தது. நான் எழுத ஆரம்பித்தேன்.

தை 4. வாடை தளர்ந்தது.
வடகடல் இன்னும் கலங்கல்,
தென்கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்.

மாசி 2. தனுஷ்கோடிப் பக்கம் பூநாரை இறங்கியிருப்பதாக
லாரி ஓட்டும் நம்புராஜன் சொன்னான்.
எத்தனை என்றேன்.
"எண்ணவா போனேன்?
தண்ணிக்கு மேல ரோஸ் கலர்ல ஒரு கோடு."
ஒரு கோடு என்று எழுதினேன்.

பங்குனியில் வலையெல்லாம் சொறி.
கை தடித்து வந்தவர்கள்
பாளத்தில் உள்ளங்கையை ஒட்டவைத்து நின்றார்கள்.
அதற்குப் பில் கிடையாது.

சித்திரை பிறந்த மறுநாள் தடைக்காலம்.
விசைப்படகுகள் கரையேறி
பெயிண்ட் வாசனையோடு சாய்ந்து கிடந்தன.
நாட்டுப்படகுக்கு ஏழு பாளம், எட்டுப் பாளம்.
மிச்சமெல்லாம் சர்பத் கடைக்கு.

வைகாசி 19. மூன்று பாளம். மீனுக்கு இல்லை.
அந்தோணியடிமை வீட்டுக்கு,
மகன் மஸ்கட்டிலிருந்து வந்து சேரும்வரை.
வெயில் கடுமை. சாயங்காலம் இன்னும் இரண்டு.
பாக்கி என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

வைகாசி 27. கச்சான் விழுந்தது.
எழுதவே வேண்டியதில்லை,
பேரேட்டின் மேல் மணலாக வந்து உட்கார்ந்திருந்தது.
பனைகள் அன்று தொடங்கிய பேச்சை
ஆவணி வரை நிறுத்தவில்லை.

தென்கடலை ஆண்கடல் என்பார்கள்.
அந்த மாதங்களில் அதன் வாயெல்லாம் நுரை.
பெண்கடலோ வடக்கே
காலை நீட்டிப் படுத்திருக்கும்;
படகெல்லாம் அங்கே போய்விடும்.
ஐப்பசியில் வாடை திரும்பியதும்
இரண்டும் குணத்தை மாற்றிக்கொள்கின்றன.
இப்போது எது ஆண், எது பெண் என்று கேட்டால்
கயிறு சுருட்டுகிறவன்
கயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

புரட்டாசி 11. தென்கடல் பச்சை. பூங்கோரை.
ஓராவும் கிளிமீனும் செத்து ஒதுங்கின.
ஐஸ் வாங்க ஆளில்லை.
ராத்திரி அலை உடைகிற இடமெல்லாம் நீல வெளிச்சம் என்று
நம்புராஜன் மகள் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தாள்.
ட்யூப்லைட்டின் கீழே அது வெறும் தண்ணீர்.
விளக்கை அணைத்தேன்.
அவள் குலுக்கினாள்.

கார்த்திகையில் மூன்றாம் எண் கூண்டு.
பக்கம் முழுக்க ஒரே வார்த்தை: மழை.

வருஷக் கணக்குப் பார்க்க வந்த முதலாளி அபுதாகிர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"சம்பளம் குடுத்து
காத்துக்குக் கணக்கு எழுதச் சொன்னேனாம்மா?
அடிச்சு விடு."
ஸ்கேல் வைத்து அடித்தேன்,
மெல்லிசாக, படிக்கிற மாதிரி.

இந்த வருஷம் தடைக்காலம் முடிந்தும் காற்றில்லை.
இரண்டு கடலும் ஒரே மாதிரி கிடக்கின்றன.
மேற்கு வெளுத்திருக்கிறது.
எந்தப் பக்கம் படகு இறக்குவதென்று
ஜெட்டியில் நாலு நாளாய்ச் சண்டை.
நேற்று அபுதாகிர் போன் செய்தார்.
"போன வருஷம் கச்சான் என்னைக்கு விழுந்துச்சு?"
அடித்த கோட்டுக்கு அடியிலிருந்து வாசித்துச் சொன்னேன்.
"அதுக்கு முந்தின வருஷம்?"
முந்தின வருஷத்துப் பத்தி காலி.
கொஞ்ச நேரம் லைனிலேயே இருந்தார்.
அவர் பக்கத்து மின்விசிறி கேட்டது.

ஆனி 9. இன்னும் விழவில்லை.
சர்பத் கடைக்கு ஒரு பாளம்
சாக்கு சுற்றிச் சைக்கிளில் போகிறது.
தார் ரோட்டில் அது விட்டுப்போன ஈரம்
நான் தேதி எழுதி முடிப்பதற்குள்
வாசல் வரைக்கும் காய்ந்துவிட்டது.