பதினோராவது படிவம்

சமூக மாற்றம், பாடம் நான்கு.
காரணிகள் ஐந்து, தடைகள் ஆறு.
"மனப்பாடம் செய்தால் மத்தியானத்துக்குள் மறந்துவிடுவீர்கள்" என்று
ஆளுக்குப் பத்துப் படிவம் கொடுத்தார் திருமதி படையாச்சி.
"உங்கள் தெருவில் என்ன மாறியிருக்கிறது?
கேட்டு வாருங்கள்.
நீங்கள் நினைப்பதை எழுதாதீர்கள்."

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட்.
எங்கள் தெரு ஒரு சரிவு.
மேலே உருட்டிவிட்ட பந்து
கீழே டாக்ஸி நிறுத்தத்தில்தான் நிற்கும்.
சனிக்கிழமை நானும் அப்படித்தான் உருண்டேன்,
கையில் கிளிப் போட்ட அட்டையோடு.

முதல் வீடு: "கரண்டே இல்லை, என்ன மாற்றம்?"
இரண்டாவது: மகன் பெர்த்தில், மகள் டொராண்டோவில்,
நாய் மட்டும் இங்கே.
மூன்றாவது: சுவர்.
நான்காவது: அதே சுவர், மறுபக்கத்திலிருந்து.
ஐந்தாவது வீட்டு மாமா அளவுநாடாவே எடுத்து வந்தார்.
அவர் அப்பா வந்தபோது வேலிகூட இல்லை
(வந்தது என்றால், லாரியில் கொண்டுவந்து இறக்கியது).
பிறகு இடுப்பளவு, பிறகு தோளளவு,
அந்த ஜூலைக்குப் பிறகு எட்டடி, மேலே மின்கம்பி.
"எழுதிக்கொள். கம்பி என் சொந்தச் செலவு."

பத்தாவது, என் வீடு.
'வீட்டு மொழி' என்ற கட்டத்தில்
தமிழ் என்று போடச் சொன்னார் அம்மா,
ஆங்கிலத்தில்.

வரைபடம் போட்டேன்.
கிடையச்சில் ஆண்டு, நிலையச்சில் சுவரின் உயரம்.
கோடு அழகாக ஏறியது.
இவ்வளவு ஒழுங்கான ஏற்றத்தை
என் மதிப்பெண்களில்கூட நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை அதை லெங்கிவே பார்த்தாள்.
பக்கத்து இருக்கை. உம்லாசியிலிருந்து
இரண்டு டாக்ஸி மாறி வருபவள்.
மாற்றம் என்று மிஸ் முதல்நாள் சொன்னபோது
"எந்த நிறுத்தத்தில்?" என்று கேட்டு
வகுப்பைச் சிரிக்கவைத்தவள்.

விரலால் கோட்டின்மேல் ஏறிக்கொண்டே போனாள்.
"எட்டடிச் சுவருக்குள் எப்படிப் போனாய்?"
கேட்டைத் திறந்தார்கள்.
"யார்?"

யார்.
முதல் வீட்டில் ஓர் ஈரக் கை.
மூன்றாவதில் நீல ஓவரால், தோட்டக் குழாய்.
ஐந்தாவதில் வெறும் குரல்,
'யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை' என்று உள்ளே சொன்னது.
பத்தில் ஏழு கேட்.
அவர்களைத் தாண்டிப் போய்த்தான்
நான் கேள்வி கேட்டிருக்கிறேன்.

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சாண்ட்விச்சைப் பிய்த்தாள்.
பெரிய பாதியைத் தானே வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் எங்கள் கேட்டை மேவிஸ் திறந்தார்.
பதினொரு வருடமாகத் திறக்கிறார்.
திறந்த பிறகும் நான் நகரவில்லை.
படிவம் தீர்ந்திருந்தது, நோட்டில் கோடு கிழித்தேன்.
"பெயர்?"
"இங்கேயா, வீட்டிலா?" என்றார்.

டுடுசிலே எம்பாம்போ.
இரண்டு தடவை எழுத்துக்கூட்டிச் சொன்னார்.
மூன்றாவது தடவை பேனாவை வாங்கி
அவரே எழுதினார்.

என்ன மாறியிருக்கிறது?
ஐந்தேகால் டாக்ஸி போகும்வரை யோசித்தார்.
"முன்பெல்லாம் பின்கதவால் வருவேன்.
இப்போது முன்கதவைத் திறப்பதே நான்தான்."
சிரித்தார்.
நானும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
"என் கோப்பை மட்டும்
இன்னும் தொட்டிக்குக் கீழேதான்."

பதினோராவது புள்ளியைக்
கோட்டில் எங்கே வைப்பதென்று தெரியாமல்
தாளின் ஓரத்தில் வைத்தேன்.
இருபதுக்குப் பதினான்கு.
சிவப்பு மையில்:
'வரைபடத்துக்கு வெளியே ஒரு புள்ளி இருக்கிறது. விளக்குக.'

செவ்வாயன்று அந்தக் கோப்பையைக் கழுவி
மேல்தட்டில் எங்களுடையவற்றோடு வைத்தேன்.
புதன்கிழமை அது திரும்பவும் கீழே இருந்தது.

வீட்டில் நாலு பேர். அவரோடு ஐந்து.
யார் எடுத்து வைத்தது என்று
இன்னும் நான் கேட்கவில்லை.