ஒன்றாம் வகுப்பு, முப்பது வெள்ளி

பங்குனி உத்திரத்துக்கு முந்தின இரவு.
சுங்கை தெராத்தாய் பழைய தமிழ்ப்பள்ளி,
இப்போது யாத்ரீகர் விடுதி.
தலைமையாசிரியர் அறையில் கூலிம்காரர்களின் பால்குடங்கள்.
நூல்நிலையத்தில் ஒரு தவில், இரண்டு குறட்டை.

பதினொரு மணிக்குத் தனியாக வந்தார் சிகப்பாயி.
கையில் வாளி, வாளிக்குள் மஞ்சள் துண்டு.
ஐசியைக் கொடுத்தார்.
கையெழுத்துக் கேட்டேன், கட்டைவிரலை நீட்டினார்.
மைப்பெட்டி ஏது?
பேனாவை விரலில் தேய்த்து ஒப்பேற்றினோம்.

ஒன்றாம் வகுப்புதான் மிச்சம் என்றேன்.
"எதிர்த்தாப்புல ஆயாக்கொட்டகை இருந்துச்சே,
ஏழு வயசுல அங்கதான் எனக்கு வேலை.
இடுப்புல ஒண்ணு, தொட்டில்ல மூணு.
தூங்க வச்சு நிமிர்றதுக்குள்ள
இங்க மணி அடிப்பாங்க.
நாலும் முழிச்சிக்கும்."

மணி இன்னும் இருக்கிறது,
பசியாறக் கூப்பிட.

விளக்கைப் போட்டேன்.
நாலு கட்டில்.
பெயர்த்தால் சுவரும் வரும் என்று விட்டுவைத்த கரும்பலகை,
அதில் குளியலறை நேரம், இறைச்சி கூடாது, செருப்பு வெளியே.
என்ன எழுதியிருக்கு என்று அவர் கேட்கவில்லை.
செருப்போடுதான் உள்ளே போனார்.
மூலையில் கிடந்த குட்டி பெஞ்சில் உட்கார்ந்தார்.
முழங்கால் நெஞ்சில் இடித்தது.
காற்றாடியைப் பார்த்தார்.
சன்னலுக்கு வெளியே
கொட்டகை இருந்த இடத்தில் செம்பனை இருட்டு.

"இவ்வளவுதானா" என்றார்.
பிறகு, கொசுவத்தி இருக்கா என்றார்.

விடியுமுன் கிளம்பிவிட்டிருந்தார்.
ஆறரைக்குக் கயிற்றை இழுத்தேன்.
சத்தமே இல்லை.
ஏணி போட்டு ஏறினால்
மணியின் நாக்கில் இறுக்கிச் சுற்றிய மஞ்சள் துண்டு,
முடிச்சில் என் பேனா மை.

கூலிம்காரர்கள் அன்று
எட்டு மணிவரை தூங்கினார்கள்.